மூன்று டயோடுகளைச் சாகடித்த கதை

உடைந்த மெஷினைப் பழுதுபார்ப்பவருக்கு ஊரெல்லாம் மரியாதை. எங்கே உடைந்தது என்று சொல்லும் மெஷினையே பழுதுபார்க்கும் எங்களை யார் சீந்துகிறார்கள்?

நல்லது என்று சொன்ன பெட்டி

வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி காந்திபுரத்தில் என் கடைக்கு வந்தார் தெய்வானை. போர்வெல் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுபவர். பையில் இன்சுலேஷன் டெஸ்டர். ஆயிரம் வோல்ட் கொடுத்து, மோட்டாரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் பெட்டி. முள் சும்மா கிடந்தால் கசிவில்லை. செத்துப்போன பெட்டியிலும் முள் சும்மாதான் கிடக்கும்! இவர் அதன் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்திருக்கிறார். அப்போது ஓட வேண்டிய முள் அசையாததால் சந்தேகம்.

திறந்தால், உள்ளே வேப்பங்கொட்டை அளவில் ஒரு டயோடு. எண் வெந்து அழிந்திருந்தது. நல்ல டயோடு கரண்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வழிவிடும். என் மல்டிமீட்டரில் இது இரு பக்கமும் ஊமை. செத்துவிட்டது என்றேன்.

"தென்னை காயுதுங்க, நாளைக்கு மோட்டாரத் தொள்ளாயிரம் அடியில எறக்கோணும். டெஸ்ட் பண்ணாம எறக்க மாட்டேனுங்க."

எல்லாம் ஊமை

எண் போனாலும் செய்த வேலை தெரியுமே! ஆயிரம் வோல்ட்டைப்போல் சில மடங்கு தாங்குவதாகக் கேட்டு, பக்கத்துத் தெரு ஸ்பேர்ஸ் கடையில் மூன்று வாங்கினேன். மீட்டரில் வைத்தால் மூன்றும் ஊமை. உங்களுக்கும் நடந்திருக்கும்: எல்லாம் தெரிந்த திமிரில் திரும்பிப் போய்க் கடைக்காரரைப் பிடிபிடி என்று பிடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க, ஒரே டப்பாவுல இருக்கற மூணும் பேசி வெச்சுட்டுச் சாகுமுங்களா?"

அரை எச்பி

தெய்வானையிடம் புலம்பினேன். அந்த மீட்டர் எத்தனை வோல்ட் தள்ளும் என்று கேட்டார். மூன்று இருந்தால் அதிகம் என்றேன். "அரை எச்பி மோட்டார ஆயிரம் அடியில எறக்கிப்போட்டு, தண்ணி வல்லீன்னா போர் வத்திப்போச்சுன்னு சொல்லலாமுங்களா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் கொட்டைக்குள் பல டயோடுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அத்தனையையும் தள்ள என் மீட்டருக்கு ஏது தெம்பு? முப்பது வோல்ட் சப்ளையில், கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டரையும் சேர்த்து வைத்தேன். புதியவை மூன்றும் ஒரு பக்கம் வழிவிட்டு மறுபக்கம் மறித்தன. பழையதுதான் நிஜமாகவே செத்திருந்தது. புதிதில் ஒன்றைப் பெட்டியில் பற்றவைத்து ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டதும் முள் ஓடியது. தெய்வானை சிரித்தார்:

"இப்பத்தானுங்க உசுரு வந்துது."

மறுநாள்

மோட்டார் இறக்கியாச்சா என்று போனில் விசாரித்தேன். பெருமையாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"இல்லீங்க, கசியுதுங்க. நாங் கட்டுன காயிலுதானுங்க. தோட்டத்துக்காரருகிட்ட எந் தப்புன்னு சொல்லிப்போட்டு, பிரிச்சுத் திரும்பக் கட்டிட்டிருக்கேனுங்க."

எதையும் செத்தது என்று சொல்லும் முன் என் மீட்டரைச் சந்தேகப்படுகிறேன் இப்போதெல்லாம், மீட்டர் சரியாக இருந்தால் என்னை.