வளைவின் வெளிப்புறம்

மணலுக்குள்ளிருந்து அந்தத் தண்டவாளம் வெளிப்பட்ட காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. யேர்மனியின் வடகடற் கரையில், முட்புதர் மூடிய மணல்மேட்டுக்குப் பின்னால், துருவேறிய இரண்டு இரும்புக் கோடுகள் அரிவாள்போல் வளைந்து கிடந்தன. அவை எந்த ஊரையும் எந்த நிலையத்தையும் சென்றடையவில்லை. முதலில் அதைக் கண்டவர் அண்ணை. நான் அவரை அண்ணை என்று அழைப்பதைக் கேட்டு, உடன் வேலைசெய்த யேர்மனியரும் அதுவே அவர் பெயர் என நம்பி அப்படியே அழைத்தனர். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. பழைய உலகப் போரின் வெடிபொருள்களை நிலத்தில் தேடி அகற்றும் நிறுவனமொன்றில் நாங்கள் இருவரும் பணியாற்றினோம். அவர் மண்ணை வெட்டுபவர். நான் மண்ணுக்குள் இரும்பைக் கண்டறியும் கருவியின் அளவீடுகளை வாசித்து, நிலம் தீங்கற்றது எனக் கையொப்பமிடுபவன்.

போர்க்காலத்தில் அங்கே தொடருந்துப் பீரங்கியொன்று கரையைக் காத்து நின்றிருக்கிறது. வீட்டினும் நீண்ட அதன் குழாய், தாங்கிய வண்டியின்மேல் இடமும் வலமும் மிகச் சிறிதே திரும்பும். ஆகவே கப்பலைக் குறிவைக்க, பீரங்கி முழுவதையும் வளைந்த பாதையில் முன்னும் பின்னும் தள்ளினார்கள்; பாதையின் வளைவே குறியைத் திருப்பியது. இதை நான் விளக்கியபோது அண்ணை மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“அப்ப கப்பல் ஓட ஓட இவையள் ரயிலைத் தள்ளிக்கொண்டு திரிஞ்சவையோ? எங்கடை ஊரிலை நேவிக்காரர் கடலிலை இருந்து கரைக்கு எவ்வளவு லேசா அடிச்சவங்கள், மாஸ்டர்.”

எதையும் விளக்கும்போது நான் பள்ளி ஆசிரியர்போல் எழுத்துத் தமிழுக்கு மாறுவதை நக்கலடிக்கவே அவர் என்னை மாஸ்டர் என்பார்.

அவ்விடத்தில் பள்ளிப் பிள்ளைகள் தங்குவதற்கான கூடாரத் திடல் அமையவிருந்தது. தண்டவாளங்களைத் தூக்கி அகற்றிய பின்னும் ஆணிகளும் தகடுகளும் மணலெங்கும் சிதறிக் கிடந்ததால், கருவி அடிக்கு அடி அலறியது. அத்தகைய நிலத்தில் கருவியின் சொல்லை நம்பலாகாது. கையால், மெல்லிய படை படையாக அகழ்ந்தே பார்க்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. வளைவின் உட்புறத்தை அவ்வாறே அகழ்ந்தோம். ஆணிகளன்றி வேறொன்றும் அகப்படவில்லை. வெளிப்புறத்தில் நாற்பது மீற்றர் எஞ்சியிருந்தது. மறுநாட் காலை அதிகாரிகள் வந்து நிலத்தைப் பொறுப்பேற்கவிருந்தார்கள்.

அன்று பிற்பகல் அண்ணை அந்தப் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், இது கிண்டி மூடின மண். பாருங்கோ, குரக்கன் புட்டிலை தேங்காய்ப்பூக் கலந்தமாதிரிக் கிடக்கு.”

கருமண்ணும் வெண்மணலும் அங்கே அடுக்குக் குலைந்து கலந்திருந்தது உண்மை.

“பாதை போடேக்கை கிண்டியிருப்பாங்கள் அண்ணை.”

“பாதை போட இவ்வளவு ஆழம் ஏன்? பங்கர் வெட்டி, மூடி, திருப்பி வெட்டின கை இது. எனக்குத் தெரியும்.”

“நாளைக்குக் காலமை ரேர்மின், அதிகாரிமார் வாற நேரம் குறிச்சாச்சு. இனிப் போய் இன்னும் ரெண்டு கிழமை அவகாசம் கேட்க ஏலாது.”

“கேட்க ஏலாதோ, கேட்க வெக்கமோ?”

வெட்கந்தான். கையொப்பமிடும் தகுதியை அந்த ஆண்டில்தான் பெற்றிருந்தேன். குறித்த நாளில் வேலையை முடிப்பவன் என்ற பேர் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நாற்பது மீற்றரையும் ‘பாதையின் எச்ச இரும்பு’ என எழுதிக் கையொப்பமிட்டேன். அண்ணை அந்த வாரமே வேலையை விட்டுப் போனார்.

அதன்பின் எந்தக் கோடையும் எனக்கு அமைதியாகக் கழிந்ததில்லை. கடற்கரையில் விபத்து எனச் செய்தியில் ஒரு சொல் கேட்டால், ஊர்ப் பெயர் வரும்வரை மூச்சு இறங்காது. ஒருமுறை, இந்நாட்டுத் தமிழர் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, வாய்க்கால் ஓரத்தில் மோர்க் குவளையோடு நின்ற அண்ணையைக் கண்டேன். அவர் என்னைக் காணுமுன் காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தேன்.

இந்த வசந்தத்தில் என் மகள் பள்ளிப் படிவமொன்றைக் கொண்டுவந்தாள். வகுப்புச் சுற்றுலா; தங்குமிடம் அந்தத் திடல். பெற்றோர் ஒப்பம் வேண்டியிருந்தது.

“ஏன் அப்பா யோசிக்கிறீங்கள்? எல்லாரும் போகினம்.”

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, அண்ணையின் இலக்கத்தைத் தேடியெடுத்து அழைத்தேன். நான் இன்னார் என்றதும் அவரே கேட்டார்.

“அந்த நாப்பது மீற்றரோ?”

“ஓம் அண்ணை. பிள்ளையின்ரை வகுப்பு அங்கை போகுது. நான் விடமாட்டன்.”

“உங்கடை பிள்ளை ஒண்டுதானோ அங்கை போறது?”

மறுநாட் காலை உரிய அலுவலகத்தை அழைத்தேன். நிலத்துக்குச் சான்றளித்தவர் யார் என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். இந்நாட்டில் எப்போதும் செய்வதுபோல் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அன்று மாலைக்குள் திடல் மூடப்பட்டது; என் தகுதிப் பத்திரமும் நிறுத்திவைக்கப்பட்டது.

அகழ்வு தொடங்கிய நாளில் அண்ணை தொடருந்தில் ஆறு மணி நேரம் பயணஞ்செய்து வந்தார். தடுப்பு நாடாவுக்கு அப்பால், ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எங்களை நிறுத்திவைத்தார்கள். மூன்றாம் நாள் நண்பகலில் மேற்பார்வையாளர் கையை உயர்த்தினார். எல்லாரும் வேலையை நிறுத்திப் பின்வாங்கினர். பீரங்கிக் குண்டுகள் ஏழு, பக்கம் பக்கமாகக் கிடத்தி மூடப்பட்டிருந்தன என்று பின்னர் வந்து சொன்னார்கள்.

அண்ணை வெற்றி கொண்டாடவில்லை. புல்லில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

“இருங்கோ மாஸ்டர். இனி நிண்டு பாக்க ஒண்டுமில்லை.”

என்னால் உட்கார இயலவில்லை. இத்தனை கோடைகளில் எத்தனை பிள்ளைகள் அந்த மண்ணில் கூடாரத்து முளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருப்பார்கள் என்று எண்ணியபடியே நின்றேன்.