நாற்பத்தேழு கவுண்டியும் தெரிந்தவள்

மாவட்டங்களைக் கலைத்துவிட்டு அரசாங்கம் நாற்பத்தேழு கவுண்டிகள் ஆக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதிதாக வந்த கவர்னர்களே தங்கள் எல்லை எது என்று தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் டவேட்டா பஸ் நிலையத்தில், வாழைத்தார் ஏற்றும் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நாற்பத்தேழின் பெயரையும் தலைநகரையும் பிபியானா மூச்சு விடாமல் சொல்வாள். அதோடு விடமாட்டாள். ஒவ்வொன்றிலும் உள்ள சின்னச் சின்ன ஊர்கள், எங்கே என்றைக்குச் சந்தை, எங்கே தண்ணீர் உப்பு, எல்லாம் வரும்.

இதில் ஒரு ஊரையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. டவேட்டாவிலிருந்து வோய் போகிற ரோட்டில் மக்டாவைத் தாண்டினதே கிடையாது. அங்கே ரோட்டின் குறுக்கே ஆணிப்பலகையைப் போட்டுக்கொண்டு போலீஸ் நிற்கும், பஸ்ஸில் ஏறி அடையாள அட்டை கேட்கும். அவளிடம் அட்டை இல்லை. அவளுடைய தாத்தா மொசாம்பிக்கிலிருந்து இங்கே கயிற்று நாருக்கான கற்றாழை வெட்ட வந்த மக்கோண்டே இனத்து ஆள். அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தார், அவளும் அதே லயத்தில் பிறந்தாள். தோட்டத்துக்காரனுக்கு வெட்டுகிற கை வேண்டியிருந்தது, கைக்குச் சொந்தக்காரன் பெயரை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மூன்று தலைமுறையாக இங்கேயே உழைத்து இங்கேயே புதைந்தும் அவர்கள் வெளியாட்கள்தான்.

நான் இந்த மண்ணின் டைட்டா இனத்துக்காரன், பெயர் மகாங்கா. பஸ் கம்பெனிக்கு டிக்கெட் எழுதுகிறவன். எனக்குப் பதினெட்டு வயதில் அட்டை வந்துவிட்டது. அதற்காக நான் செய்த ஒரே காரியம் என் அப்பனுக்குப் பிறந்ததுதான். பிபியானா என் பஸ்ஸில் போகும் பார்சல்களைச் சாக்கில் வைத்துத் தைத்து, மேலே ஊர்ப் பெயரை எழுதிக்கொடுப்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் என் ஜன்னலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஊர்ப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. அவளுக்கு அனக்லெட்டி என்று ஓர் அண்ணன் இருந்தான். எங்கள் ஊரைப் போன்ற நாட்டெல்லை ஊர்களில் அவர்கள் மாதிரி ஆட்கள் அட்டைக்கு எழுதிப்போட்டால், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்து, நீ இந்த மண்ணின் ஆளா என்று கேள்வி கேட்டுச் சலித்தெடுப்பார்கள். அனக்லெட்டியிடம், மக்டாவுக்கு அப்பால் வருகிற ஊர்களைச் சொல் என்றார்களாம். லயத்தையும் கற்றாழையையும் தவிர வேறெதையும் பார்த்திராதவன் விழித்திருக்கிறான். சொந்தக் கவுண்டியின் ஊர்களே தெரியாதவன் எப்படி இந்த ஊர்க்காரன் என்று துரத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் வைத்து அவனைப் பிடித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே அவனுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை.

அன்றிலிருந்துதான் இவள் ஆரம்பித்தாள். பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் விடமாட்டாள். வடக்கே துர்கானாவிலிருந்து வந்த ஒரு நெட்டையனை மடக்கியது நினைவிருக்கிறது.

"நீங்க எந்த ஊருண்ணே?"

"லோட்வார்."

"அங்க ஓடுற ஆறு பேரு என்ன?"

"துர்க்வெல். எதுக்குத்தா, குளிக்க வரப்போறியா?"

"தண்ணி ஓடினா சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

அவன் சிரித்துச் சிரித்து, பக்கத்து ஊர்கள் ஏழெட்டையும் சொல்லிவிட்டுப் போனான். எல்லாம் ஒரு நோட்டில் ஏறியது. கவுண்டிக்கு ஒரு பக்கம். நானும் சும்மா இருப்பேனா?

"என்ன ஸ்கோலாம்மா, எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?"

"ஓட்டே இல்லாதவளுக்கு எலெக்‌ஷன் என்னத்துக்கு மகாங்கா அண்ணே? எங்க அண்ணன் ஒரு ஊரு பேரு தெரியாம போனான். நான் அப்படிப் போகமாட்டேன்."

ஸ்கோலா அவளுடைய ஒரே மகள்; மகள் பெயரை வைத்துத்தான் ஊரே அவளை ஸ்கோலாம்மா என்று கூப்பிடும். அப்பன் லாரியோடு வந்தவன், லாரியோடு போனவன். பெண் படிப்பில் நெருப்பு. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தாயின் அட்டை வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பெண் அம்மாவோடு உட்கார்ந்து சாக்குத் தைக்க வேண்டியதுதான். பிபியானா அட்டைக்கு எழுதிப்போட்டாள். உள்ளூர்க்காரன் ஒருவன் சாட்சிக்கு வர வேண்டும் என்றார்கள். என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

அந்த வருஷம் கேள்வி கேட்கும் மூன்று பெரியவர்களில் தலைவர் கிரிகா. கெட்ட மனிதர் இல்லை. கல்யாணம், சாவு எதற்கும் முதலில் வந்து நிற்பவர். பிபியானாவுக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"மக்டாவுக்கு அப்புறம் என்னென்ன ஊரு வரும்மா?"

சொன்னாள். வோய் வரை ஒன்று விடாமல்.

"மலை மேல இருக்கிற ஊருங்க?"

அதையும் சொன்னாள். கிரிகா திருப்தியாகத் தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். முத்திரையைக் கையில்கூட எடுத்துவிட்டார். பேச்சுக்கு என்னைப் பார்த்து, "இவளை உனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?" என்று கேட்டார்.

தெரியும், நல்லவள் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. பத்துப் பேர் பார்க்கிறார்கள், பெரிய மனுஷன் கேட்கிறார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன பெரியவரே இப்படிக் கேட்டுட்டீங்க? இவளுக்கு நம்ம கவுண்டி மட்டுமா, நாற்பத்தேழும் அத்துபடி. நாட்டோட எந்த மூலையை வேணா கேளுங்க. நோட்டே போட்டு வெச்சிருக்கா!"

"நோட்டா?" முத்திரை மேஜைக்குத் திரும்பியது. "எடுத்துட்டு வாயேன், பாப்போம்."

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். இதை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஓடிப்போய், அவள் சாக்குக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து, மூச்சு வாங்க ஓடிவந்து, நானே கிரிகாவின் கையில் கொடுத்தேன். பரிசு வாங்கித் தரப்போகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

கிரிகா பக்கம் பக்கமாகப் புரட்டினார். மற்ற இரண்டு பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்.

"மகாங்கா, உனக்கு எத்தனை கவுண்டி தெரியும்?"

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பதோ பத்தோ வந்தது.

"டானா ரிவர் கவுண்டிக்கு எது தலைநகர்?"

"கரிஸ்ஸாதானே?"

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாத்தியா, இவன்தான்யா அசல் நாட்டுக்காரன்! பக்கத்துக் கவுண்டி எதுன்னு கேட்டாலே முழிப்பான்!" என்றார் ஒருவர். நானும் கூடச் சேர்ந்து இளித்தேன்.

"தலைநகரு ஹோலாங்க ஐயா," என்றாள் பிபியானா. தனக்கும் உதவும், எனக்கும் உதவும் என்று நினைத்துவிட்டாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏம்மா, இங்கயே பொறந்து வளந்தவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றார் கிரிகா, கோபமே இல்லாமல். "எம் மவன் காலேஜ் படிச்சவன். நாலு கவுண்டி சொல்லச் சொன்னா தலையச் சொறிவான். அவனை யாராச்சும் நீ யாருன்னு கேக்குறாங்களா? சொந்த வீட்டுல எத்தனை ஓடு இருக்குன்னு எவனும் எண்ண மாட்டான். திருட வந்தவன்தான் எண்ணுவான்."

"ஐயா, எங்க அண்ணனுக்குத் தெரியலைன்னுதானே அனுப்புனீங்க..."

"எல்லையைத் தாண்டி வர்றவங்கதான் இப்படி மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. மேல இருந்து எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

அண்ணனுக்குத் தெரியாததால் அவன் வெளியாள், இவளுக்குத் தெரிந்ததால் இவள் வெளியாள். நோட்டை அத்தாட்சி என்று சொல்லி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். எனக்கு டீ கொடுத்தார்கள். நான் அதைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். "மாசக் கடைசிக்கு எத்தனை நாளுண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பதினொரு நாள் இருந்தது.

எனக்கும் என் மனைவி வகேஷோவுக்கும் பிள்ளை இல்லை. ஸ்கோலாவை எங்கள் மகள் என்று எழுதிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வகேஷோ ஒப்புக்கொண்டாள், ஆனால் பிபியானாவை எதிரில் உட்காரவைத்து ஒன்று சொன்னாள்.

"எம் பேரு காகிதத்துல ஏறுச்சுன்னா நான்தான் அம்மா. அரை அம்மா, கால் அம்மா எல்லாம் எனக்கு ஆகாது. நாளைக்கு எவனாவது கேட்டா புள்ள என்னைத்தான் கைகாட்டணும். இல்லேன்னா மூணு பேரும் ஜெயிலுக்குப் போவோம்."

"சரிக்கா," என்றாள் பிபியானா. வேறு என்ன சொல்வாள்?

நாலாம் நாள் சான்றிதழ் வந்தது. தந்தை மகாங்கா, தாய் வகேஷோ. என் அட்டையைப் பார்த்தார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸ்கோலா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளை நான் பழக்கினேன். "யூனிஃபார்ம் போட்டவன் கேட்டா யோசிக்கவே கூடாது. அப்பா யாரு? அம்மா யாரு?" என்று சாப்பிடும்போதுகூடக் கேட்பேன். முதல் வாரம் தடுமாறினாள். இரண்டாம் வாரம் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. பிபியானாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் பழகினாள். பஸ் நிலையத்தில் எவளோ ஒருத்தி "ஸ்கோலாம்மா" என்று கூப்பிட்டபோது பிபியானா திரும்பிப் பார்க்கவில்லை.

பெண் பரீட்சையில் எங்கள் வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தாள். வோயில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கப்போன அன்று வகேஷோவுக்குக் காய்ச்சல். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் கிளம்பும் நேரத்தில் பிபியானா புதுத்துணி உடுத்தி, தலையில் ஸ்கோலாவின் தகரப்பெட்டியோடு வந்து நின்றாள்.

"ஸ்கூலு வாசலை மட்டும் பாத்துட்டு வந்துடுறேண்ணே. மக்டாவுல உங்களுக்குத் தெரிஞ்ச போலீஸ்தானே?"

தெரிந்தவர்கள்தான். ஏறு என்றேன். மக்டாவில் அன்று ஒரு புது ஆள் நின்றிருந்தான், மீசைகூடச் சரியாக முளைக்காதவன். அட்டை எங்கே என்று அவளிடம் கேட்டான். வீட்டில் மறந்துவிட்டேன் என்றாள். எங்கே போகிறாய் என்றான். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும்.

"எம் மவளை ஸ்கூல்ல சேக்கப் போறேன் சார்."

அவன் கையை நீட்டினான். பள்ளிக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழையும் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். "தாய் வகேஷோன்னு இருக்கு. நீதான் வகேஷோவா?" அவன் ஸ்கோலாவின் பக்கம் குனிந்தான்.

"பாப்பா, இவங்க யாரு?"

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"எங்க வீட்டுல வேலை செய்யிறவங்க. பெட்டி தூக்க வந்தாங்க."

"பின்னே ஏன் மவள்னு சொன்னே?"

"தூக்கி வளத்த பழக்கம் சார்," என்றாள் பிபியானா. "வாய் தவறிடுச்சு."

அவன் அவளை இறங்கச் சொன்னான். தகரப்பெட்டியை இருக்கைக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு இறங்கினாள். ஆணிப்பலகையை இழுத்து வழி விட்டார்கள். பஸ் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஸ்கோலா என் கையைத் தொட்டாள்.

"அப்பா, நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான்மா சொன்னே," என்றேன்.