மருத மரத்தடிக் குழவி

என் மாமா ஒரு தெய்வத்தை உண்டாக்கிவிட்டார். அப்படி ஒரு உத்தேசம் அவருக்குக் கிடையாது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நடந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

மூன்று மைல் தூரம்தான். மற்றவர்கள் வெற்றிலை மென்றுகொண்டே போய்விடுவார்கள். மாமா வைக்கோல் வண்டியின் உச்சியிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டவர். கட்டுப் போட்ட வைத்தியர் கெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எலும்பு அதைக் கேள்விப்படாமல் கோணலாகச் சேர்ந்துகொண்டது. உழவுக்குப் போகாத வீட்டில் உலை எத்தனை நாள் கொதிக்கும்? குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த அவருடைய மாமனார் ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அத்தையை ஏற்றிக்கொண்டு போனார். சண்டை எதுவும் போடவில்லை. மாமாவுக்கு மூத்தவளான என் அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "காலால நடந்து எங் கடை வாசலுக்கு வரட்டும் தாயி. மறுபேச்சு இல்லாம அனுப்பி வைக்கேன்."

என் அப்பா ரங்கூனுக்குப் போனவர் திரும்பவில்லை. அதனால் அம்மாவும் நானும் மாமா வீட்டிலேயே இருந்தோம். மாமா வெள்ளிக்கிழமை தோறும் கம்பை ஊன்றிக்கொண்டு குற்றாலத்துச் சாலையில் நடக்கத் தொடங்கியபோது, துணைக்கு நான் போனேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவராது என்று அதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன்.

கால் இனி முடியாது என்று சொல்லும் இடத்தில் மாமா உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைப்பார். முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டார், சாரல் கழுவிவிட்டது. கருங்கல் ஒன்றை வைத்தார். சாலை போடுகிறவர்கள் உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். கடைசியில் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டார். அம்மா தடுத்துப் பார்த்தாள். "அம்மி இல்லாத குழவிய எவன்க்கா திருடுவான்?" என்றார் மாமா. அதுவும் சரிதான். கஞ்சிக்கு உப்பு போதும். அரைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அந்த அம்மி சும்மாதான் கிடந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழவி வரை நடப்பது, அதைத் தாண்டி முடிந்த மட்டும் போவது, பிறகு நான் குழவியைத் தூக்கிவந்து புது இடத்தில் வைப்பது என்று ஆயிற்று. வைத்ததும் மாமா அதன் எதிரே உட்கார்ந்து தன்னையே விசாரிப்பார். "என்னலே, போன வாரத்துக்கு இந்த வாரம் என்னத்தக் கிழிச்ச?" பதிலும் அவரே சொல்லுவார். காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரம் குழவி வரையே போக முடியவில்லை. அங்கேயே கிடக்கட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மாமா ஒப்பவில்லை. குழவியைப் பின்னால் கொண்டுவரச் சொல்லி, தான் உட்கார்ந்த இடத்தில் வைக்கச் செய்தார். முன்னால் வைத்ததைப் பின்னால் எடுத்துவருகிற மனிதரோடு ஏன் சேர்ந்து அலைகிறோம் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

பாதி வழியில் ஒரு மருத மரம். ஆனி மாதக் கடைசியில் குழவி அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. புல் உயர்ந்திருந்ததால், கண்ணுக்குத் தெரியட்டும் என்று மாமா அதை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். எத்தனையோ வருஷம் மஞ்சளும் மிளகாயும் அரைத்து ஊறிய கல். மழையில் நனைந்து, செம்மஞ்சளாக, மரத்தடியில் நின்றால் நம் ஜனங்களுக்கு என்ன தோன்றும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது குழவிக்குக் குங்குமம் வைத்து, அரளி மாலை போட்டிருந்தது. எதிரே ஒரு பூக்காரி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் குழவியைத் தூக்கக் குனிந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆச்சி, அது எங்க வீட்டு அம்மிக் குழவி" என்றார் மாமா.

"அப்படிச் சொல்லாத அய்யா, கண்ணு அவிஞ்சு போயிரும். தானா முளைச்ச அம்மன்லா இது."

மாமா வாதாடிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. இந்தக் கால் ஊனமானவர்தான் முதலில் இங்கே உட்கார்ந்து அம்மனோடு பேசிக்கொண்டிருந்தவர் என்று ஒரு வண்டிக்காரர் சாட்சி சொன்னார். பேசியது உண்மைதான். அதற்கு மேல் மாமாவின் பேச்சு எடுபடவில்லை. யாரோ திருநீற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆடி பிறந்தது. அம்மனுக்குக் கூட்டம் கூடியது. மாமா தினமும் போக வேண்டியதாயிற்று. பூசாரியை நடக்க விடுவது பாவம் என்று வண்டிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றிப்போய் இறக்கிவிட்டார்கள். விழுந்த நாளிலிருந்து மாமாவை 'ஏலே நொண்டி' என்றுதான் ஊர் கூப்பிட்டது. இப்போது 'அண்ணாச்சி' என்றார்கள். அவர் முகம் தெளிந்தது. குழவியின் எதிரே உட்கார்ந்து தன்னை விசாரிக்கும் வழக்கம் மட்டும் நின்றுபோயிற்று. மற்றவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்ததால் நேரமில்லை. வீட்டுக்கு வாழைப்பழமும் தேங்காய் மூடியும் வந்தன. நான் வயிறு நிறையத் தின்றேன். மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் ஒரு நாள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "தொவையல் அரைக்கத் தேங்கா வருது. குழவியத்தான் காணோம்." மாமா வண்டி வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று சாயங்காலம், தென்காசிக் கோயிலுக்குப் போகிற குற்றாலத்துப் பெண்கள் கூட்டமாக வந்து மரத்தடியில் நின்றார்கள். அவர்களில் அத்தை இருந்தாள். வரிசையில் வந்து கையை நீட்டினாள். மாமா தலையைத் தூக்காமல் திருநீறு போட்டார்.

அத்தை திருநீற்றைப் பூசிக்கொள்ளவில்லை. குழவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மாலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, குழவியைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு மூளி உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கை தவறிப் போட்டதில் உடைந்தது.

"தொடாத தாயி" என்று பூக்காரி பதறினாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "இங்கனயே நட்டு வைக்கவா இதை வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தீய?"

அத்தை முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். குழவியைத் தூக்கிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, குற்றாலத்துப் பக்கமாகச் சாலையில் இறங்கினாள். அம்மன் அவள் மேலேயே வந்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது. கும்பிட்டுக்கொண்டே வழி விட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள்.

மாமா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பைத் தேடி எடுத்தார். பல நாள் வண்டியில் போன கால் மடங்க மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அடுத்த மரத்தில் நிற்பாள் என்று பார்த்தேன், அவள் நிற்கவில்லை. அதற்கும் அப்பால், ஒரு வாய்க்கால் பாலத்தருகே குழவியை இறக்கினாள். நிறுத்தாமல், புல்லில் படுக்க வைத்தாள். மாமா வந்து சேரும் வரை காத்திருந்தாள். அவர் வியர்த்து ஊற்ற அதன் எதிரே உட்கார்ந்ததும், தகப்பன் வீட்டை நோக்கிப் போய்விட்டாள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மாமா அந்த எண்ணெய்க் கடை வாசலில் போய் நின்றார். மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. குழவி அத்தையின் இடுப்பில் வீடு திரும்பியது. மருத மரத்தடியில் அதற்குள் வேறொரு கல்லை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நானும் பல ஊர்களில் நடந்திருக்கிறேன். எங்கேயும் எதையும் நட்டு வைத்துப் பார்த்ததில்லை. எவ்வளவு தூரம் வந்தேன் என்று யாராவது கேட்டால், அந்த ஆடி வெள்ளிதான் நினைவுக்கு வரும். திருநீற்றுத் தட்டையும் அன்றைய தேங்காய் மூடிகளையும் சுமந்துகொண்டு மாமாவுக்குப் பின்னால் திரும்பி வந்தபோது, எனக்கு அத்தையின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் கையில் குழவி இருந்தது. அம்மி வீட்டில் காத்துக் கிடந்தது. வீடு கிழக்கே இருந்தது. அவள் மேற்கே நடந்தாள்.