எருமை இறங்கிய வழி

சென்ற ஆண்டு சித்திரை மாதம். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் குளத்தைச் சீர்செய்ய, திருப்பதியிலிருந்து ஒரு வடிவமைப்புக் குழு வந்திருந்தது. ஊரைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டோம் என்று சொல்லி, குளக்கரையிலேயே கூட்டம் போட்டார்கள்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே கால்கள் இரண்டும் வராது. சக்கர நாற்காலிதான். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவள், கூட்டத்தில் சும்மா இருப்பேனா?

வரைபடத்தை விரித்தார்கள். பழைய கற்படிகளில் கை வைக்கவில்லை, சரி. கரைமேல் எனக்கென்றே ஒரு மேடை. கார்த்திகையில் பெண்கள் படியிறங்கித் தண்ணீரில் தீபம் விடும்போது நான் அங்கிருந்து பார்க்கலாமாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சின்ன வயதில் நைனா தூக்கிக்கொண்டு இறங்குவார். வளர்ந்த பிறகு கூச்சப்பட்டு நானே வேண்டாம் என்றுவிட்டேன். அதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நானும் எறங்கணும்" என்றேன்.

பக்கத்து வீட்டு மாமா பதறினார். "இதுக்கு ஏம்மா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? நாங்க தூக்கிக்கினு போமாட்டமா?"

அன்பாகத்தான் சொன்னார். இத்தனை வருடம் என் வாயை அடைத்ததே அந்த அன்புதான்.

"எரும எறங்குச்சே, அத யாரு மாமா தூக்கிக்கினு போனாங்க?"

கூட்டம் சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படிகளுக்கு வடக்கே முன்பு கல் பாவிய சரிவு ஒன்று இருந்தது. கரையில் தனியாக உட்கார்ந்து, அதில் எருமைகள் ஆடி அசைந்து இறங்குவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். இப்போது அதைச் சீமைக் கருவேலம் மூடிக் கிடந்தது.

நைனாவின் முகம் வாடிவிட்டது. "அது மாடு போற வழிம்மா. உன்ன எப்டி அதுல அனுப்பறது?"

"மாட்டுக்கு வழி வச்ச புண்ணியவான் எனக்கும் சேத்துதான் வச்சிக்கீறான் நைனா."

குழுவில் இருந்த பெண் வரைபடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "எக்கட அக்கா? சூபிஞ்சண்டி" என்று தெலுங்கில், எங்கே என்று காட்டச் சொன்னாள். முள் காட்டைக் காட்டினேன்.

ஊரே சேர்ந்து முள் வெட்டிய அன்று நானும் கரையில் இருந்தேன். கல் பெயர்ந்து போயிருந்தால்? கடைசிப் புதரை இழுத்ததும் சரிவு தெரிந்தது. சில கற்கள் சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். குளம்பு வழுக்காமலிருக்க அந்தக் காலத்திலேயே வரி வரியாகக் கொத்தியிருந்தார்கள். வரைபடத்தில் மேடையை அடித்துவிட்டு இந்தச் சரிவை வரைந்தார்கள். செங்குத்தாக இருந்த இடத்தைத் தணித்து, என் கைக்கு எட்டும் உயரத்தில் கைப்பிடி வைத்தார்கள்.

கார்த்திகை வந்தது. குளம் நிறைந்திருந்தது. நைனா பழக்கத்தில் நாற்காலியைப் பிடிக்க வந்தவர், கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தார். முன்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டதும் குனிந்து என் தீபத்தை நானே விட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

திரும்பினால், பின்னால் ஒரு வரிசை. கைக்குழந்தைக்காரி, நிறைமாதக்காரி, அவர்களுக்கும் பின்னால் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, என்னைத் தூக்கிப் போகிறேன் என்ற அதே மாமா.

"எம் முட்டிக்கும் படி ஆவலம்மா" என்றார் மெதுவாக. "யாருகிட்ட போயி சொல்றது?"

நமக்காக ஒன்று கேட்டால் ஊருக்குப் பாரமாகிவிடுவோமோ என்று வாய் தயங்கும்போதெல்லாம், அன்று எனக்குப் பின்னால் நின்ற அந்த வரிசையை நினைத்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.