பிச்சையா போட்ட கோடுகள்

பிச்சையா எண்ணத் தொடங்கினால் எறும்புகூடத் தன் முறை வரும்வரை நின்றுதான் நகரும் என்பார்கள். சென்னைப் பக்கம் ஓரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோரில் அவருக்கு வேலை. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே மூன்று போல்ட் குறைகிறது என்றாராம். தராசு வெட்கப்பட்டு முள்ளைத் திருத்திக்கொண்டதாம். இதில் பாதி பொய். மீதிக்கு அவர் மனைவி உலகம்மாள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வாள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு கணக்கைத்தான் தப்பவிட்டார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் தெற்கே, கடலோரத்துச் சொந்த ஊரில் இருந்தார். பக்கத்திலேயே அணுமின் நிலையம். இன்னும் இரண்டு உலை கட்டலாமா என்று திட்டம் போடுமுன், சுற்று ஊர்களில் யாருக்கு என்ன நோய் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அந்த வேலை பிச்சையாவுக்குக் கிடைத்தது. வீட்டில் இருப்பவரை எழுது, இல்லாதவருக்குக் கோடு போடு என்றார்கள். ஊரின் இளவட்டம் பாதி அதற்குள் ஓரகடத்துக்கு பஸ் ஏறியிருந்தது.

வனமாமலையின் தாய் மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எய்யா, எம் மவனையும் எழுதிக்கோ. ஓரகடத்துல கிடக்கான். விட்டு விட்டுக் காய்ச்ச வருதுங்கான்.”

“ஊர்ல இல்லாதவன எழுதப்பிடாதுன்னு சொல்லிருக்காவ, சித்தி.”

கோடு போட்டார். அதையும் சேர்த்து அறுபத்தோரு கோடு. நோய் குறைந்த ஊர் என்று அறிக்கை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமும் நகர்ந்தது. ஊருக்கு நல்ல பேர் வந்ததென்று ஊரார் பாயசம் வைத்தார்கள். பிச்சையா இரண்டு டம்ளர் குடித்தார்.

பிறகு அவரும் பஸ் ஏறினார். சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு. காஸ் இணைப்புக்காக ஆதாரில் முகவரியையும் மாற்றிக்கொண்டார். ஆறாம் வருஷம் வனமாமலை ரத்தப் புற்றுநோயில் போனான். அவன் தங்கியிருந்த லாட்ஜ் அறையிலிருந்து உடலை இறக்கியவர்களில் பிச்சையாவும் ஒருவர்.

இந்தத் தை மாதம் அதே நோய் அவருக்கும் வந்தது.

படப்பைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பதிவேடு சில்வியாவின் பொறுப்பு. முகவரி எழுதும்போது பிச்சையா குறுக்கிட்டார்.

“அந்த இடத்துல எங்க ஊரப் போடும்மா.”

“இன்னாண்ணா, கல்யாணப் பத்திரிகையா, பூர்வீகம்லாம் போட? ஆதார்ல சுங்குவார்சத்திரம்னுதானே கீது?”

“பொறந்து இருவத்தேழு வருசம் அங்கதான் இருந்தேன். உலையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல. அதனால வரலன்னும் சொல்லல. எண்ணுனாத்தான தெரியும்? என்னைய இந்த ஊர்க் கணக்குல தள்ளிட்டா அங்க ஒண்ணு குறையும், இங்க ஒண்ணு கூடும். ரெண்டுமே பொய்யில்லா?”

சில்வியாவின் சிரிப்பு நின்றது. “முன்னாடி இருந்த இடம்னு ஒரு கட்டம் கீதுண்ணா. யாரும் கேக்கறதில்ல, நானும் காலியாவே வுட்டுடுவேன்.”

ஊர்ப் பெயரையும் இருபத்தேழு வருஷத்தையும் அதில் எழுதித் திருப்பிக் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

“இன்னொரு ஃபாரம் தருவியாம்மா?”

“யாருக்கு?”

“வனமாமலைன்னு ஒரு பய. செத்து எட்டு வருசமாச்சு.”

“அவரப் பாத்த ஆஸ்பத்திரிலதான்ணா திருத்தணும்.”

அந்த ஆஸ்பத்திரியை இடித்து ஷோரூம் கட்டிவிட்டார்கள். பிச்சையா எழுந்து வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்.

உலகம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். “டாக்டர் என்ன சொன்னாவ?”

“ஊர்ப் பேர எழுதிட்டாவ.”

“நான் உங்க உசுரக் கேக்கேன். நீங்க ஊரச் சொல்லுதிய!”

அவர் செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எண்ணிக்கை சொன்ன மனிதருக்கு, அந்த அறுபத்தோரு பேரில் இன்று யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியவில்லை.

“அன்னைக்கே சித்தி கேட்டா, உலகு,” என்றார். “எம் மவனையும் எழுதிக்கோன்னு கையப் பிடிச்சுல்லா கேட்டா.”