நூம்பல் கன்னியம்மாவின் முதல் குடம்

ஆடி மூன்றாம் ஞாயிறு, நூம்பல் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். அன்று காலை கன்னியம்மா ஒரு கட்டைப்பையோடு ஷேர் ஆட்டோ ஏறி ஊரைவிட்டுப் போனார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை.

மருமகளாக வந்ததிலிருந்து அம்மனுக்கு முதல் குடம் அவருடையதுதான். கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் கிண்டி, வேப்பிலை கட்டிய குடத்தில் சுமந்து வருவார். அது வந்து சேராமல் மற்ற வீட்டுக் கூழ் அண்டாவில் இறங்காது. கணவர் இறந்த பிறகும் அந்த முறையை யாரும் மாற்றவில்லை. நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட ஊரில் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

நான் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து இங்கே அடுக்குமாடியில் குடியேறிய வருடம் அது. என் வீட்டுக்கும், ஐ.டி. வேலை பார்க்கும் சுவேதா வீட்டுக்கும் கன்னியம்மாதான் வேலைக்கு வருவார். சுவேதா எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் மரபு உணவுச் சந்தை நடத்தினாள். அங்கே கூழ் விற்கச் சொல்லி அவரைக் கேட்டாள். கன்னியம்மா வீட்டில் கூழை விற்கும் வழக்கமில்லை. பல நாள் தயங்கி, தனிப் பானை ஒன்று வாங்கி, இது வெறும் சாப்பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் சுவேதா பெருமையாக ஒரு பேனர் கட்டினாள். குடம் சுமந்த கன்னியம்மாவின் படம். கீழே, ‘அம்மனுக்கு முதல் குடம் ஊற்றுபவரின் கூழ்’.

அன்றே அது ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. கொழுந்தன் தமிழ்வாணன் வாசலில் வந்து நின்றார்.

“அது வேற பானைப்பா,” என்றார் கன்னியம்மா.

“பானை வேற அண்ணி. பேனர்ல மூஞ்சி ஒண்ணுதான கீது?”

கோயிலில் ஊரார் முன் வந்து விளக்கும்படி கன்னியம்மா சுவேதாவைக் கூப்பிட்டார். வந்தாள். மரபைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்றாள். அதோடு நிறுத்தாமல், இந்த வருடக் கூழ்ச் செலவைச் சந்தையே ஏற்கும் என்றும் சொன்னாள்.

“ஆத்தாளையும் ஸ்டால் போட இட்டுனு போயிடு,” என்றது ஒரு குரல். சிரித்தார்கள். முதல் குடம் தமிழ்வாணன் மனைவி லோகநாயகிக்கு என்று முடிவானது. கன்னியம்மா வேண்டுமானால் பின்னால் வரலாமாம்.

அவர் பட்டாபிராமில் மகள் ராணி வீட்டோடு தங்கிவிட்டார். சுவேதா பேனரைக் கழற்றினாள். கூழுக்கு வேறு ஆள் கிடைப்பார்களா என்று என்னிடம் விசாரித்தாள்.

இரண்டு ஆடி கழித்து, ராணியின் எண்ணிலிருந்து எனக்குக் கன்னியம்மாவின் குரல் பதிவு ஒன்று வந்தது.

“இங்க தெருமுனைக் கோயில்ல கூழ் ஊத்துனாங்கமா. தூக்கு எடுத்துகினு வரிசையில நின்னேன். ஊத்துற பொண்ணு, ‘ஆயா, வாங்கிட்டல்ல, நவுரு’ன்னா. நவுந்துட்டேன்.”