காய்ச்சலுக்கு மட்டும் ரொட்டி

மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டி சூடு ஆறுவதற்குள் லேசான புளிப்பு வாசனை ஒன்று விடும். தகரப்பெட்டியையும் அதற்கடியில் தலையில் சுருட்டி வைத்த "சும்மாட்டையும்" தாண்டி அது என் முடியில் ஏறிக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும். பேக்கரியைக் கடக்கும்போது மற்றவர்களுக்கு எச்சில் ஊறுகிறது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அப்பா போன பிறகு, அம்மா பாலக்கோட்டில் ஒரு பேக்கரியில் ரொட்டியும் பன்னும் எடுத்து, முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் ஊரைச் சுற்றியிருந்த நாலு ஊர்களில் நடந்தே விற்றாள். சனி, ஞாயிறுகளில் பெட்டி என் தலைக்கு மாறும். எனக்குப் பதினோரு வயது. அம்மாவுக்குக் குரல் எழும்பாது என்பதால் "ரொட்டீ... பன்னூ" என்று கத்துவதும் என் வேலைதான்.

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் ரொட்டி தின்பண்டம் இல்லை, மருந்து. களி தின்று வளர்ந்த சனங்கள், உடம்பு நன்றாக இருக்கிறவன் ரொட்டி தின்றால் சிரிப்பார்கள். டாக்டர் "சோறு வேண்டாம், ரொட்டியும் பாலும் குடுங்க" என்று சொன்னால் மட்டும் எங்களைத் தேடுவார்கள். மற்ற நாட்களில் நாங்கள் வாசலில் நின்றாலே சாவுச் சேதி வந்த மாதிரி முகம் சுருங்கும். "எங்க வூட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க, போ போ" என்று விரட்டுவார்கள். தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் "காய்ச்சக்காரி". அம்மா சொல்வாள்: "கோவத்த வவுத்துல வெச்சுக்க, மூஞ்சியில காட்டாத." நான் இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில், பக்கத்து ஊரின் மேலத்தெருவில் வீடு தவறாமல் காய்ச்சல் கண்டது. குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் தெரு தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. காய்ச்சல் வந்த வீட்டிலெல்லாம் ரொட்டி இருந்ததாம், அதனால் ரொட்டிதான் காய்ச்சலைக் கொண்டுவந்ததாம். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சொன்னவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, மண்டியில் தக்காளி விலையில் ஒரு பைசா ஏமாறாதவர்கள். எங்கள் விஷயத்தில் மட்டும் முட்டாளாக இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அந்தத் தெருவில் பெரிய வீட்டுக்காரம்மா சொன்னதுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை தெருமுனையிலேயே எங்களை மறித்தாள். "அங்கியே நில்லு. நோவ வூடு வூடாக் கொண்டாந்து குடுக்கறியா? இனிமே இந்தத் தெருவுல காலு வெச்சா பெட்டிய ஒடச்சுப் போடுவேன்."

"நாங்க என்னங்க பண்ணோம்?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் அவள் முதுகைக் காட்டிவிட்டாள். எங்களுக்குப் பாதி வியாபாரம் அந்தத் தெருதான். அது போனால் என் படிப்பை நிறுத்திவிட்டுத் தக்காளிக் காட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று, திரும்பி நடக்கும்போது அம்மா சொல்லியும்விட்டாள்.

மூன்றாம் வாரம், அதே பெரிய வீட்டுக்காரம்மா நடுமத்தியான மழையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் மகனுக்குக் காய்ச்சல், என் வயதுப் பையன். டாக்டர் ரொட்டிதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். பாலக்கோட்டுக்குப் போய் வாங்கிவரப் பஸ் ஓடவில்லை. "ஏ புள்ள, ரெண்டு ரொட்டி குடு" என்றாள். உள்ளே வரவில்லை, குடையையும் மடக்கவில்லை. பெட்டியில் நாலு ரொட்டி இருந்தது.

"தீந்துபோச்சுங்க" என்றேன்.

அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. குடை தெருவைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பையன் கஞ்சி குடித்தே பிழைத்துக்கொண்டான். மேலத்தெரு எங்களுக்குத் திறக்கவே இல்லை. ஒரு வருஷம் தக்காளி பறித்துவிட்டு, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் மறுபடி படித்தேன்.

இப்போது அந்த ஊரில் கடைக்குக் கடை ரொட்டி பாக்கெட் தொங்குகிறது. காய்ச்சல் இல்லாத பிள்ளைகள் அதை டீயில் நனைத்துத் தின்கிறார்கள். தலையில் பெட்டியோடு யாரும் வருவதில்லை. அம்மாவும் இல்லை.

போன மாதம் தருமபுரியில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்த கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பெரிய வீட்டுக்காரம்மாதான். "எம்பையன் பொழச்சதே இவங்கம்மா குடுத்த ரொட்டியாலதான். எங்க வூட்டு ஆளாட்டந்தான் அவங்கள வெச்சிருந்தோம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். "இல்லீங்க. நீங்க வந்தப்ப பெட்டியில நாலு ரொட்டி இருந்துச்சு. நாந்தான் தீந்துபோச்சுன்னு சொன்னேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஏங் கண்ணு அப்பிடிச் சொன்ன?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.